நைனா அழுத்திய பொத்தான்

கண்ணுக்குள் எல்லாம் வரிசையாக இருக்கும். முன்னால் கருவிழி, அதன் பின் பாவை, லென்ஸ், கடைசியில் விழித்திரை. விழித்திரையின் நரம்பிழைகள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து மூளைக்குப் போகின்றன. அவை வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதுதான் குருட்டுப் புள்ளி. எல்லோருக்கும் உண்டு, யாருக்கும் தெரிவதில்லை. சுற்றிலும் இருப்பதைக் கொண்டு மூளை அந்த ஓட்டையை அடைத்துவிடும்.

கண் பரிசோதனைப் படிப்பின் கடைசி வருடம். பார்வைப் பரப்பை அளக்கும் இயந்திரத்தில் பயிற்சி எடுக்க ஆளுக்கு ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். நான் அப்பாவை அழைத்துப்போனேன்; எனக்கு அவர் நைனா. செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி அவருடையது. அன்று வண்டியை எடுக்காமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சம் மினுங்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். இடையிடையே இயந்திரம் குருட்டுப் புள்ளியிலும் வெளிச்சம் காட்டும். அதற்கு அழுத்தினால் கண் நகர்ந்துவிட்டது என்று பொருள். நைனா அதற்கும் அழுத்தினார். இயந்திரம் டிக்கென்றபோதெல்லாம் அழுத்தினார்.

"அங்கிள், அது ஹாரன் இல்ல!" என்றாள் என் தோழி. எல்லோரும் சிரித்தோம். நைனாவும்.

அந்த அறிக்கை நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கினேன். அவருக்கு இன்னும் பார்க்க வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: ஒன்று, மறுபரிசோதனை. இரண்டு, கண் அழுத்தம். மூன்று, நரம்பு. பிறகு கண் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. தொண்டூர், அனந்தபுரம் என்று முகாம் முகாமாகப் போய், வந்தவர்களுக்கெல்லாம் கண் அழுத்தம் பார்த்தேன். நைனா வீட்டிலேயே இருப்பவர்தானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் விட்டுவிட்டேன்.

இந்த மாசியில், வண்டி ஓட்டிப்போன நைனா, இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் ஒருவரை இடித்துவிட்டார். சைக்கிள்காரருக்குக் கை முறிந்தது.

"சத்தியமா ரோடு காலியா இருந்துது பாப்பா."

அவர் பொய் சொல்லவில்லை. சைக்கிள் இருந்த இடத்தில் மூளை தார்ச்சாலையைப் போட்டு அடைத்திருக்கிறது. எங்கள் மருத்துவர் பார்த்தார். கண் அழுத்தம் இரண்டு கண்ணின் நரம்பையும் பல வருடங்களாக அரித்திருந்தது. போனது திரும்பாது, மிச்சம் எவ்வளவு என்று அளந்த பிறகுதான் வண்டி ஓட்டலாமா என்று சொல்ல முடியும் என்றார்.

அன்று மாலை கேட்டேன்.

"காலேஜ்ல ஏன் நைனா எல்லாத்துக்கும் அமுக்குன?"

"பரீட்சைன்னு சொன்ன இல்ல? நான் உட்டுட்டா உனுக்கு மார்க்கு கொறைஞ்சிடுமேன்னு அமுக்கினேன். ஏன், பாஸாயிட்ட இல்ல?"

"ஆயிட்டேன் நைனா."

மறுநாள் எங்கள் மருத்துவமனையில் நானே அவரை உட்காரவைத்தேன். புது இயந்திரம், சத்தமே வராது. "தெரிஞ்சா மட்டும் அமுக்கு. இதுல மார்க்கு கிடையாது."

"சரிம்மா."

ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தினார். பிறகு விரல் பொத்தான்மேல் அப்படியே இருந்தது. என் திரையில் வெளிச்சம் மேலே, கீழே, இடப்பக்கம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது.

"இன்னா பாப்பா, மிஷின் நின்னு போச்சா?" என்றார், முகத்தை எடுக்காமல்.

"இல்ல நைனா," என்றேன். "ஓடிட்டுதான் இருக்குது."