பச்சைக் கல் அலமாரி

எங்கள் ஆய்வகத்தில் கல்லக்கா என்றால்தான் அவளைத் தெரியும். கடலடியிலிருந்து கப்பல் வாரிக் கொண்டுவரும் பாறைகளுக்கு எண் எழுதி, பெட்டியில் வைத்து அடுக்குவது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. கையெழுத்துப் போடாமல் கல்லைத் தொட்டால் விஞ்ஞானியையே வாசலில் நிற்க வைப்பாள். அந்த ராங்கி எனக்குப் பிடிக்கும்.

கணவர் இறந்துபோன பிறகு, பெட்டிகளுக்குள் சத்தம் கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். 'டக்'கென்று, யாரோ விரலைச் சொடுக்குவதுபோல. நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் மகள் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ சத்தம்னு சொன்னே, வேலைய எழுதிக் குடுத்துட்டு என்கூட வந்துடணும். டாக்டர்கிட்ட காட்டப்போறேன்."

மருமகன் வீட்டு மூலையில் போய் உட்காரக் கல்லக்காவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

பாறை விஞ்ஞானிதான் அவளைக் காப்பாற்றினார். ஒரு நாள், கப்பலில் வந்திறங்கிய பெட்டியைத் திறந்து, புதிதாக விண்டிருந்த கறுப்புக் கல்லைக் காட்டினார். நடுக்கடல் மலைத்தொடருக்கு அடியில், ஆழத்துப் பாறை மெல்ல மேலே ஏறுமாம். ஏற ஏற அழுத்தம் குறையும். புதிதாகச் சூடு சேராமலே அதில் கொஞ்சம் உருகும். உருகியது மேலே கசிந்து கறுப்புக் கல்லாக உறையும். உள்ளே மாட்டிக்கொண்ட வாயு, கரைக்கு வந்த பிறகும் சில கற்களை 'டக்'கென்று வெடிக்க வைக்கும். உருகாமல் அடியில் மிஞ்சியதுதான் இங்கே தனி அலமாரியில் இருக்கும் பச்சைக் கல்.

"பச்சையில ஒண்ணுமே இல்லம்மா, பிழிஞ்ச சக்கை. அது சத்தம் போடாது," என்றவர், கறுப்புக் கற்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்.

மறுநாளும் கேட்டது. பச்சைக் கல் அலமாரியிலிருந்து.

கல்லக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று வாரம், "இப்ப ஒண்ணும் கேக்கலடி" என்று மகளிடம் வாய் கூசாமல் பொய் சொன்னாள். இதையெல்லாம் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னதுதான்.

ஒரு மத்தியானம் மகள் சாப்பாட்டோடு வந்தாள். அலமாரிக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள்.

டக்.

கல்லக்கா நிமிரவில்லை, மென்றுகொண்டே இருந்தாள். மகளின் கை பாதியில் நின்றது.

"அம்மா, கேட்டுச்சா?"

மகளுக்கும் கேட்டிருக்கிறது! இனி யாரும் தன்னைப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷம் ஒரு நொடிதான். பிறகு ஸ்டூலை அலமாரியிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டாள். கோளாறு தன் தலைக்குள்தான் என்று நம்பித்தான், இந்த மூன்று வாரமும் அந்த அறையில் தைரியமாகத் தனியே உட்கார்ந்திருக்கிறாள்.

மறுபடியும் டக், டக்.

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள யாரும்மா?"