கோவிலில் என் மகள் சொன்ன நம்பர்

என் மகளுக்குப் பத்து வயது. வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவளைக் குவாலா சிலாங்கூரில் நடக்கும் கணக்குப் போட்டிக்கு அனுப்பச் சொன்னார் டீச்சர். அவளுக்குக் கொள்ளை ஆசை. என் மனைவிக்குத்தான் இஷ்டமில்லை.

"பரிசு கெடைக்கலன்னா புள்ள சாப்புடாம கெடப்பா. என்னாத்துக்குலா இந்தப் போட்டி?"

நான் செம்பனை லோரி ஓட்டுபவன். எனக்குத் தெரிந்த போட்டி, எண்ணெய் ஆலைக்குள் யார் லோரி முதலில் நுழைவது என்பதுதான்.

மகள் பயிற்சியை விடவில்லை. அபாகஸ் மணிச்சட்டம் இல்லாமலே மணிச்சட்டக் கணக்கு. கண்ணை மூடிக்கொள்வாள். இல்லாத மணிகளை விரலால் தள்ளுவாள். உதடு முணுமுணுக்கும்.

ஆடி வெள்ளிக்கு எஸ்டேட் கோவிலுக்குப் போனோம். உருமி முழங்கியது. இவள் அங்கேயும் கண்ணை மூடிவிட்டாள். விரல்கள் துடித்தன. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"ஐயோ, புள்ள மேல சாமி வந்துருச்சு!"

உருமி வேகமெடுத்தது. யாரோ நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். அக்கா கைகூப்பினார். "தாயே, நம்பர் ஒண்ணு சொல்லு தாயே."

மகளுக்கு அப்போதுதான் விடை வந்திருந்தது.

"மூவாயிரத்து நூத்தி எழுவத்தாறு."

லாட்டரிக்குச் சரியாக நாலு இலக்கம். மறுநாள் நம்பர் கடை வாசலில் எங்கள் எஸ்டேட்டே நின்றது. எனக்கு உண்மை தெரியும். ஆனாலும் நின்றேன்.

நம்பர் விழவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னா சாமிலா வந்துச்சு ஒங்க மகளுக்கு?"

கதவுக்குப் பின்னாலிருந்து மகள் வெளியே வந்தாள். எதிரிலேயே நின்றாள்.

"சாமி வரல பெரியம்மா. கணக்குப் போட்டேன். அதுலயும் ஒரு மணிய கூடுதலாத் தள்ளிட்டேன். சரியான விடை மூவாயிரத்து நூத்தி அறுவத்தாறு."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா!" அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நம்பர் கடைக்கு ஓடினார்.

என் மனைவி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "போவட்டும்லா, போட்டிக்கு."

போனாள். பரிசு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு தட்டு மீ கோரேங் முடித்தாள். அப்புறம் என் தட்டிலும் கை வைத்தாள்.

போட்டியில் கணக்கு வளர்ந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது ஆள் வந்தால் கதவை அவள்தான் திறக்கிறாள். வருகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் நம்பர் கேட்டுத்தான் வருகிறார்கள்.

"மொதல்ல ஒரு கணக்கு குடுங்க," என்கிறாள்.