சிட்டுவும் ‘சிட்’டும்

நாய்ப் பயிற்சி வேலையில் எனக்குக் கோபம் வருவது நாய்மேல் இல்லை, ரிமோட்மேல். கையில் பட்டன் கிடைத்துவிட்டால் மனுஷனுக்குப் பொறுமை பறந்துவிடுகிறது.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சம்பத் சார் வீடு. பொமரேனியன், பெயர் சிட்டு. அதன் கழுத்தில் ரிமோட்டை அமுக்கினால் ஷாக் கொடுக்கும், பெரிய நாய்க்கான எலக்ட்ரானிக் காலர் தொங்கிக்கொண்டிருந்தது.

“சிட்டு வான்னா உக்காந்துண்டு முறைக்கறது. கேட்டைத் திறந்தா ரோட்டுக்கு ஓடறது. பட்டனை அமுக்கினாலும் அசையமாட்டேங்கறது. மாசக் கடைசில என் தம்பி வந்து இதைத் துறையூர் தோட்டத்துக்குக் கூட்டிண்டு போயிடுவான்” என்றார் சார். அவர் மனைவி வைதேகி மாமிக்குக் கண் கலங்கியிருந்தது.

காலரைக் கழற்றினேன். இரண்டு உலோக முனைகளும் அழுத்திய இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கையை நீட்டுங்க சார்.” நாய்க்கு வைத்திருந்த அதே அளவை அவர் மணிக்கட்டில் கொடுத்தேன். “ஐயோ!” என்று துள்ளினார்.

“இத்துனூண்டு நாய் சார். இதுக்குக் கரன்ட்டே வேணாம். புண் ஆறுற வரைக்கும் எந்தக் காலரும் வேணாம்.”

அதற்குள் மாமி, “சிட்டு, மம்மு!” என்று கூப்பிட்டார். நடையில் இருந்த சிட்டு, இருந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தது.

“பேர் சொன்னா உக்காந்துடும். மரியாதை தெரிஞ்ச கொழந்தை” என்றார் மாமி.

“உட்காரச் சொல்லிக்கொடுத்தது யாரு?”

“நான்தான். வீடியோ பார்த்து, ‘சிட், சிட்’னு...” என்ற சார் பாதியில் நின்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நாய் பாஸ் சார். நாமதான் ஃபெயில்.” சொன்னதைக் கேட்ட குற்றத்துக்கு ஷாக் வாங்கியிருக்கிறது, பாவம்.

அன்றே ‘சிட்’டை ஒழித்து ‘உக்காரு’ ஆக்கினோம். கழுத்து ஆறியதும் சின்ன நாய்க்கான லேசான காலர் வாங்கினோம், வைப்ரேஷன் மட்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். கயிற்றை அதில் கட்டக்கூடாது, மார்புப் பட்டையில்தான். பயிற்சி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். காலர் அதிர்ந்தால் பன்னீர் துண்டு கிடைக்கும் என்று முதலில் பழக்கினோம். அதிர்ந்ததும் சிட்டு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பியது. பிறகு அதிர்வோடு ‘சிட்டு, வா’ என்று கூப்பிட்டு, ஓடிவந்தால் இன்னொரு துண்டு கொடுத்தோம்.

மாசக் கடைசியில் தம்பி வந்து கேட்டைத் திறந்தார். எதிரே பூனை. சிட்டு பாய்ந்துவிட்டது. தெருமுனையில் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. சார் கையில் ரிமோட் இல்லை, சிட்டு கழுத்தில் காலரும் இல்லை.

“சிட்டு, வா!”

நடுத்தெருவில் சட்டென்று திரும்பி, காது பின்னால் பறக்க ஓடிவந்து சார் காலில் மோதியது. நான் வாசலிலேயே கைதட்டினேன். இந்த வேலையில் இதைவிடப் பெரிய சம்பளம் எனக்கு வேண்டாம்.

பட்டனில் விரல் வைக்குமுன், நாம் சொன்னது நாய் காதில் என்னவாக விழுந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

மாமி நாயை வாரி அணைத்துக்கொண்டு, தம்பியைப் பார்த்துச் சொன்னார்: “காபி சாப்ட்டுட்டு நீ மட்டும் கெளம்புப்பா.”