அம்மன் கையில் ஒற்றைச் செருப்பு

இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து மாமாவைப் பிடித்துக்கொண்டு போனபோது அவருடைய ஒற்றைச் செருப்பு வீட்டு முன் ஒழுங்கையிலேயே கழன்று கிடந்தது. என் அப்பாவின் தங்கையான மாமி அதை எடுத்துக்கொண்டு நேரே இராணுவ முகாம் வாசலுக்குப் போனார்.

"மத்தச் செருப்பு உள்ள இரிக்கு. அதையும் தாங்க, அதைப் போட்டிரிக்கிற ஆளையும் தாங்க."

தினமும் போய் இதையே கேட்டார். கடைசியில் மாமாவை விட்டார்கள். வெறுங்காலோடு வந்தவரிடம் மாமி முதலில் விசாரித்தது செருப்பைத்தான்.

நான் அப்போது புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இப்படிப் பிடிபட்டுக் காணாமல்போன பிள்ளைகளைத் தேடித் திரிந்த தாய்மார் சிலர் ஒரு கண்காட்சி வைக்க நினைத்து என்னிடம் படம் கேட்டார்கள். ஒற்றைச் சிலம்போடு அரசனிடம் நியாயம் கேட்ட கண்ணகை அம்மனின் கதையை வைகாசிச் சடங்குகளில் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு பழைய சேலையில் அம்மனை வரைந்தேன். முகம் மாமியுடையது, கையில் செருப்பு.

மாமி பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மன்ர கையில செருப்பா? கண் அவிஞ்சு போகும் புள்ள."

"அது அம்மன் இல்ல மாமி, நீங்கதான்."

"அப்ப மூக்கை ஒழுங்காக் கீறு."

மூக்கைத் திருத்தியபின், மாமியே சேலையைச் சுருட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். சோதனைச் சாவடியில் ஒரு சிங்களச் சிப்பாய் அதை விரித்துப் பார்த்தான்.

"பத்தினி தெய்யோ?" என்றான். கண்ணகையைத்தானே அவர்கள் ஊரிலும் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். "சிலம்பு எங்க?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"இந்தக் காலத்தில சிலம்புக்கு எங்க போற, மகன்?" என்றார் மாமி.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சேலையைத் தானே சுருட்டிக் கொடுத்தான்.

கண்காட்சி மண்டபத்தில் படத்தைக் கண்டு பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்தாள்.

"என்ர மகன்ர சாப்பாட்டுப் பெட்டி வீட்டில கிடக்கு. அதையும் இதில கீறுவீங்களா?"

கீறினேன். பிறகு இன்னொருத்தி சைக்கிள் மணி ஒன்றைச் சொன்னாள், வேறொருத்தி மகன் உடுத்த ஒரு சாரத்தின் கரையை. மாமி அவர்களை வரிசையில் இருத்தி, ஒவ்வொருவரிடமும் நிறம் என்னவென்று கேட்டுக் கேட்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னேரம் சேலையில் இடம் முடிந்துபோனது. வெளியே இன்னும் ஆட்கள் நின்றார்கள்.