ஓட்டுநர்கள் எல்லாரும் பொறுப்பாளர்களான கதை

மலேசியாவின் ஜோகூரில், கெலாங் பாத்தாவில் நாங்கள் நான்கு பேர், எங்கள் சொந்தக் காரில் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த நான், ஓய்வுபெற்ற பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர், காப்புறுதி முகவர் ஒருவர், தையல்கடை அக்கா ஒருவர். யாருக்கு முடிகிறதோ அவர் போவார். முடியாதவர் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். எங்கள் நிர்வாகம் அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

எங்கள் பயணிகளில் பெரிய குரல்காரர் பாய். பல வருடங்கள் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தியவர். உடம்புக்கு முடியாமல் போனதும் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். அதட்டுவதை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. காரில் ஏறியதும், "ஏன்மா, பிரேக்க இப்படி மிதிக்கிற? ரத்தம் கழுவப் போறேன், இங்கயே கொட்டிடாத" என்பார்.

அப்படி இருந்த எங்களை ஒருவர் கண்டுபிடித்தார். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருந்தவர். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் பயிற்சி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் எங்களைக் காப்பிக் கடைக்கு வரவழைத்து, "நீங்க செய்யறது நல்ல சேவை. ஆனா இது ஒரு அமைப்பு இல்ல. நாளைக்கு நீங்க இல்லன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

நாங்கள் இல்லாமல் போவதைப் பற்றி அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை. பயந்துபோய் அவரையே தலைவராக்கினோம்.

தலைவர் எங்களை வலுப்படுத்தத் தொடங்கினார். வேன் ஓட்டுநர் போக்குவரத்துப் பிரிவின் தலைவரானார். காப்புறுதி முகவர் செயலாளர். தையல்கடை அக்கா தொடர்புத்துறை. எனக்குக் கிடைத்தது தன்னார்வலர் நலப்பிரிவு. மற்ற மூவரும் நலமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. அவர்கள் நலமாகத்தான் இருந்தார்கள்; இருந்தாலும் கூட்டம்தோறும் அதை நான் எழுந்து நின்று அறிவிக்க வேண்டியிருந்தது. பொய் சொல்வானேன், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொள்ள எனக்கும் பிடித்திருந்தது.

டி-சட்டை அச்சடிக்கும் விஷயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. முதுகில் 'தன்னார்வலர்' என்று போடுவதா, 'தொண்டூழியர்' என்று போடுவதா?

"சிங்கப்பூர்ல தொண்டூழியர்னுதான் சொல்வாங்க" என்றார் தலைவர்.

"ஊழியர்னா சம்பளம் கேக்கற மாதிரி இருக்கு லா" என்றார் செயலாளர்.

கடைசியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று முடிவானது.

இதற்கிடையில் கார் ஓட்டும் விஷயமும் சீரமைக்கப்பட்டது. நோயாளி இனி எங்களை நேராகக் கூப்பிடக் கூடாது. செயலாளரிடம் சொல்ல வேண்டும். அவர் தொடர்புத்துறைக்குச் சொல்வார். தொடர்புத்துறை போக்குவரத்துப் பிரிவுக்குச் சொல்லும். பிரிவின் தலைவர் தமக்குக் கீழே உள்ள ஓட்டுநர்களை அனுப்புவார். அவருக்குக் கீழே யாரும் இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, சமூக மண்டபத்தில் வலுவூட்டல் பட்டறை நடந்தது. தன்னார்வலர்களைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி என்பது தலைப்பு. நாங்கள் நால்வரும் விடியும் முன்பே போய் நாற்காலி போட்டோம், பதாகை கட்டினோம். பிற இயக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். தலைவர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது, மதியத்துக்குச் சற்று முன்னால் பாய் உள்ளே வந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு, முகம் வெளிறியிருந்தது. சனிக்கிழமை அவருக்கு டயாலிசிஸ் நாள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதோ, நம்ம பயனாளி ஒருத்தரே வந்திருக்காரு. ஐயா, உங்க அனுபவத்தப் பகிர்ந்துக்குங்க" என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

பாய் அதை வாங்கி, முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலையில வாசல்ல நின்னேன். கார் வரல. செயலாளருக்கு போன் பண்ணேன். தொடர்புத்துறைக்குச் சொல்லியாச்சுன்னாரு. மறுபடி நின்னேன். அப்புறம் கிராப் டாக்சி பிடிச்சுப் போனேன். அந்தப் பையன் சீனப் பையன், என் பேச்சுக்குப் பதிலே பேசல. ரொம்பச் சங்கடமா இருந்துச்சு."

மண்டபத்தில் யாரோ கை தட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் வெள்ளைப் பலகையில் 'தொடர்பு இடைவெளி' என்று எழுதினார். "இந்த மாதிரிக் கருத்துதான் நமக்கு வேணும்" என்றார்.

"நான் கருத்து சொல்ல வரல. செவ்வாய்க்கிழமை யாரு வர்றீங்க?"

எங்கள் எல்லாருக்கும் பதவி இருந்தது. பாய் ஒலிவாங்கியை நீட்டித் தலைவரையே காட்டினார்.

"நீங்க வாங்க. உங்கள்ட்ட கார் இருக்குல்ல?"

"அது... நான் கொள்கை அளவுல..."

"காலையில அஞ்சரைக்கு என் வாசல்ல இருங்க."

தலைவர் போனார். ஐந்தேகாலுக்கே போய் நின்றிருந்தாராம். வழி முழுக்க அமைப்பின் தொலைநோக்கை விளக்கியிருக்கிறார். பாய் நன்றாகத் தூங்கியிருக்கிறார். "சீரா ஓட்டறாரு. உன்ன மாதிரி இல்ல" என்று என்னிடம் பிற்பாடு சொன்னார்.

அந்த வாரத்திலிருந்து பாயே எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார். கடையில் ஆட்களை வேலைக்கு விரட்டிய அதே குரல். வர முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். காரணம் சரியில்லை என்றால் திட்டுவார். வந்தவர்களுக்கு மகன் கடையில் தே தாரிக் டீயும் ரொட்டி சானாய் பரோட்டாவும் உண்டு. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம், நலம் விசாரிக்காமல், "அப்ப வியாழக்கிழமைக்கு அக்காவ அனுப்பு" என்று போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் கடையிலிருந்து ஆட்டெலும்பு சூப் வந்தது. நலப்பிரிவுத் தலைவியாக இருந்த காலம் முழுவதும் நான் யாருக்கும் ஒரு சூப் அனுப்பியதில்லை.

தலைவர் மட்டும் விடவில்லை. பத்து பாகாட் நகரில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் பாயைப் பேச்சாளராக அழைத்துப் போனார். கூட நானும் போனேன். அமைப்புகள் வலுவாக என்ன வழி என்று அவரிடம் கேட்டார்கள்.

"போன் பண்ணுங்க. வரலன்னா திட்டுங்க. வந்தா டீ வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, திட்டுவதற்கென்று தனிப் பிரிவு அமைக்க வேண்டுமா, அல்லது செயலாளரே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தலைவர் ஒலிவாங்கியை வாங்கிப் பதில் சொல்லத் தொடங்கினார். பாய் என் பக்கம் சாய்ந்து, "சாப்பாடு எங்க போட்டிருக்காங்கன்னு பாரும்மா" என்றார்.