நுரை அடங்காத மதியம்

“நுரையே இல்லாம துவைச்சா அது துவைச்சதாடா? நனைச்சதுன்னு சொல்லு.”

“அம்மா, இந்த மெஷினுக்கு நுரை ஆகாது. அதிகமானா அது அடங்குற வரைக்கும் நேரத்தை நீட்டிக்கிட்டே போகும்.”

“உன்னை மாதிரியே சோம்பேறி மெஷின்னு சொல்லு.”

என் கணவருக்கும் மாமியாருக்கும் வாரம் தவறாமல் நடந்த வழக்கு இது. கணவர் இறந்து நான்கு மாதம் ஆயிற்று. இனி நான் சொல்வது பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வண்டியில் அத்தை தன் இளைய மகன் வீட்டுக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. திரும்பி வருவதாக இல்லை. அவரை விட்டால் எனக்கு நாதியில்லை. ஆனால், பெற்ற மகனே இல்லாத வீட்டில் இருங்கள் என்று மருமகள் எந்த முகத்தோடு கேட்பது? கேட்கத்தான் அவர் அறைக்குப் போவேன். காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

மதியம் 2:10. அவர் எடுத்துப்போக வேண்டிய புடவைகளை மெஷினில் போட்டேன். 35 நிமிடம் என்று காட்டியது.

2:30. கதவுக் கண்ணாடியில் பாதிவரை நுரை.

“அத்தை, சோப்பு எவ்வளவு ஊத்தினீங்க?”

“நான் எங்கேம்மா ஊத்தினேன்? நீ ஊத்தியிருப்பேன்னு இருந்தேன்.”

அவர் ஊற்றியிருப்பார் என்று நானும் இருந்துவிட்டேன். பேச்சு குறைந்துபோன வீட்டில் இப்படித்தான்.

“பழைய சோப்பு துணியில தங்கியிருக்கும்” என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

2:45. முடிந்திருக்க வேண்டும். இன்னும் 40 நிமிடம் என்றது.

3:25. இன்னும் 40.

4:05. இன்னும் 40...

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

பிளக் என் கையில் இருந்தது.

மெஷின் சுற்றியது...

சளக்... சளக்...

கண்ணாடி முழுக்க வெள்ளை. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். வேலை முடித்துத்தான் வருவேன் என்றார். இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.

சளக்...

6:00. அத்தை எழுந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார்.

“என்னடா...”

நின்றது.

6:20. மெக்கானிக் வந்தார். மெஷினின் பின்னால் குனிந்து பார்த்தார்.

“தண்ணிக் குழாயைத் திறக்கவே இல்லையேம்மா. ஒரு சொட்டுகூட உள்ளே போகலை.”

கதவைத் திறந்தார். நுரை இல்லை. புடவைகள் காய்ந்திருந்தன. தொட்டுப் பார்த்தேன்... இவ்வளவு நேரமும் யாரோ மடியில் வைத்திருந்தது போலக் கதகதப்பு.

மெக்கானிக் கூலி கேட்காமலே போய்விட்டார்.

அத்தை புடவைகளை ஒவ்வொன்றாக மடித்தார். மடிப்பு சேரவில்லை. பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தார்.

“காலையில முதல் வண்டிக்குக் கிளம்பிடுறேம்மா.”

அவர் கையிலிருந்த புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

“போகாதீங்க அத்தை. என்கூடவே இருந்துடுங்க.”