ஐந்து பேர் பார்க்க வைத்த கையெழுத்து

வாசல் படலைச் சங்கிலி சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் வயிறு ஒருமுறை சுருளும். பால்காரர் வந்தாலும் அப்படித்தான்.

இருபத்தாறு வருடமாக வராத மனுசன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நான் மீன் கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்றிக்கொண்டு நின்றேன். தலை முழுக்க நரைத்திருந்தது. இடக்கையால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வலத் தோளால் தள்ளும் பழக்கம் மட்டும் மாறவில்லை. அதை வைத்துத்தான் என் புருசன் என்று மட்டுக்கட்டினேன்.

கடல் தொழிலுக்கென்று புத்தளம் போனவர். அங்கே வேறு குடும்பம் என்பது எங்கள் ஊர் கொழும்புத்துறை முழுக்கத் தெரியும். நான் மட்டும், கேட்பவர்களுக்கு "தொழிலாலை வர நேரமில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தாலியையும் கழற்றவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னோடு இருப்பவள் என் பெறாமகள். தங்கச்சி செத்த பிறகு ஆறு வயதில் வந்தவள். ஷெல் பட்டு அவளுக்கு ஒரு கால் மடங்காது. முன் அறையில் மெசின் வைத்துச் சட்டை தைக்கிறாள். வீடு என் அப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது.

அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு ஒரு பையில் இருந்து பேப்பர்களை எடுத்தார்.

"இஞ்சை பார், எத்தினை நாளைக்கு இப்பிடி இழுபடுறது? சட்டப்படி பிரிஞ்சு போவம். வக்கீல், பிரக்கிராசி எண்டு கொட்டிக் குடுக்கத் தேவையில்லை. எல்லாம் நான் எழுதிவிச்சுக்கொண்டு வந்திட்டன். அடுத்த திங்கள் பத்திரம் எழுதுற நொத்தாரிசிட்டைப் போய் நீ கையெழுத்து வைச்சாச் சரி."

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். விரல் வைத்து வாசித்தேன்.

"நீ எப்ப தொடக்கம் வாசிக்கிறனி?" என்று சிரித்தார். "நீதவானோ?"

மூன்றாம் தாளில் விரல் நின்றது. வடக்கு ஒழுங்கை, கிழக்கு எங்கள் சின்னையாவின் வளவு, கிணற்றில் அரைப் பங்கு. என் சீதன உறுதிப் பத்திரத்தில் உள்ள அதே வரிகள். அவற்றை நான் செபம் போல மனப்பாடமாக அறிவேன். பெண்சாதியைப் பிரிகிற பேப்பருக்குள் கிணற்றுப் பங்கு ஏன் வருகிறது? வீட்டையும் எழுதி எடுக்கப் பார்க்கிறார். அவருடைய முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் வரவில்லை.

"இந்தக் கண்ணாடிக்கு எழுத்துத் தெரியுதில்லை," என்றேன்.

"தெரிஞ்சென்ன தெரியாட்டியென்ன. திங்கள் வெளிக்கிட்டு நில்."

அவர் போன பிறகுதான் முன் அறையில் மெசின் சத்தமே இல்லை என்பது உறைத்தது. பெறாமகள் துணியைப் பிடித்தபடி இருந்தாள்.

"பெரியம்மா, உங்களுக்கு ஒண்டு நடந்தா உவர் என்னை இதுக்குள்ளை இருக்க விடுவாரே?"

எனக்கு நெஞ்சு வருத்தம். இரண்டு முறை ஆசுபத்திரியில் கிடந்து வந்தவள்.

காசில்லாதவர்களுக்கு வழக்குப் பார்க்கிற கந்தோர் பட்டணத்தில் இருக்கிறது என்று ஊர் விதானையார் எப்போதோ சொல்லியிருந்தார். புதன்கிழமை பஸ் ஏறினேன். அங்கே வாங்கிலில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நான் வாய் திறக்காததால் யாரோடோ துணைக்கு வந்தவள் என்று நினைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்த வக்கீல் பிள்ளைக்கு என் பெறாமகளின் வயதுதான் இருக்கும். புருசனுடைய கையெழுத்து இல்லாமல் வீட்டைப் பற்றி நான் ஒன்றும் எழுத முடியாதாமே என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"விக்கிறதுக்கும், நன்கொடையா எழுதுறதுக்கும்தான் அம்மா அவற்றை கையெழுத்து வேணும். உங்களுக்குப் பிறகு ஆருக்கு எண்டு மரணசாதனம் எழுதுறதுக்கு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. பிரிவு வழக்கும் போடலாம். விட்டிட்டுப் போனது அவர்தானே. காசு வேண்டாம், ஆனா காலம் எடுக்கும். முதல் இதை எழுதுங்கோ."

"நொத்தாரிசு?"

"இல்லாட்டியும் சரி. ஐஞ்சு பேர் சாட்சி வேணும். ஐஞ்சு பேரும் ஒண்டா நிக்க, அவைக்கு முன்னாலை நீங்கள் கையெழுத்து வைக்க வேணும். வீடு ஆற்றை பேருக்குப் போகுதோ அந்தப் பிள்ளை மட்டும் சாட்சி வைக்கக் கூடாது."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஐந்து பேரை ஒன்றாக இருத்தி, என் வாயால், இது இன்னது, இதனால் எழுதுகிறேன் என்று சொல்வதா? ஒவ்வொருத்தராக வைத்தாலும் ஐந்து ஐந்துதானே என்று நானே ஒரு சட்டம் போட்டேன். வீட்டில் பெறாமகளுக்கும் அப்படியே சொன்னேன்.

வியாழக்கிழமை மரணசாதனத்தை எழுதி, பேப்பரை மடித்து, அடிப்பக்கம் மட்டும் தெரியப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டு அக்கா, வலை கட்டுகிற அண்ணை, கோயில் மூப்பர், இன்னும் இரண்டு பேர். "இதிலை ஒருக்கா வையுங்கோ," என்பேன். வைத்தார்கள். என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். வக்கீல் பிள்ளை பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒண்டா நிண்டவையோ அம்மா?" என்றாள்.

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். மாதாவின் முகம் ஞாபகம் வந்தது. "இல்லை," என்றேன்.

"அப்ப இது செல்லாது அம்மா. பிறகொரு நாள் கோட்டிலை ஒவ்வொருத்தரையும் கேப்பினம். பிள்ளைக்கு வீடு இல்லாமல் போயிடும்."

திங்களுக்கு இன்னும் மூன்று நாள். அன்றிரவு கட்டிலில் கிடந்து, இப்போதே நெஞ்சு நின்றுவிட்டால் என்று எண்ணி எண்ணி மூச்சை மெல்லமாக விட்டேன்.

அது செபமாலை மாதம். எங்கள் ஒழுங்கையில் மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு வரும். சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. காலையில் மேசைக்கு வெள்ளைத் துணி விரிக்கும்போதுதான் பொறி தட்டியது. அந்த ஐந்து பேரும் இன்று பின்னேரம் தாங்களாகவே இங்கே வந்து ஒன்றாக முழங்காலில் நிற்பார்கள். நான் வாயைத் திறந்தால் மட்டும் போதும்.

புதிதாக ஒரு தாளில் எழுதினேன். மூன்று முறை பிழைத்தது.

பின்னேரம் எல்லோரும் வந்தார்கள். நான் செபமாலை மணிகளை உருட்டவே இல்லை. தலைகளைத்தான் எண்ணினேன். ஐந்தாவது ஆளான வலைக்கார அண்ணை செபமாலையின் இரண்டாம் காரணிக்கம் தொடங்கத்தான் வந்து சேர்ந்தார். பிரார்த்தனை முடிந்தது. எல்லோரும் எழும்பினார்கள். நான் மேசைத் துணியின் மடிப்பை நீவிக்கொண்டு நின்றேன்.

"என்னடி, இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையோ?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "மாதா பொறுப்பா, நாங்கள் பொறுக்க மாட்டம்."

"ஒருக்கா இருங்கோ," என்றேன். "அவர் என்னை விட்டிட்டுப் போட்டார். தொழிலுக்குப் போகேல்லை. விட்டிட்டுத்தான் போனவர்."

வலைக்கார அண்ணை தொண்டையைச் செருமினார்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் பிள்ளை. உனக்கு இண்டைக்குத்தான் தெரியுமோ?"

அக்கா முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணால் தண்ணீர்தான் வந்தது.

மூப்பர் தாளை உரத்து வாசித்தார். வீடும் வளவும் கிணற்றுப் பங்கும் எனக்குப் பிறகு என் பெறாமகளுக்கு. ஐந்து பேரும் சுற்றி நின்று பார்க்க நான் கையெழுத்து வைத்தேன். கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. பிறகு அவர்கள் ஒவ்வொருத்தராக வைத்தார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வியாழக்கிழமை மடிச்சுக் கொண்டந்தது இதைத்தானோ?" என்றாள் அக்கா. "நான் செத்தவீட்டுச் சங்கத்துப் பேப்பர் எண்டெல்லோ நினைச்சன்!"

திங்கட்கிழமை படலைச் சங்கிலி கேட்டது. நான் வெளிக்கிடாமல் வீட்டுச் சட்டையோடு நின்றேன்.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றேன், நிலத்தைப் பார்த்தபடி. "பிரிவைக் கோட்டிலை கதைப்பம்."

"ஆர் உனக்கு உந்தக் கதை பழக்கினது? நீ கூண்டிலை ஏறிக் கதைப்பியே? பாப்பம்."

அவர் போய்விட்டார். அவர் சொன்னது போகவில்லை. வழக்குப் போட்டாயிற்று, அடுத்த மாதம் தவணை. கூண்டில் ஏறி, நீதிபதி கேட்க உரத்துச் சொல்ல வேண்டுமாம். வழக்குப் போட்ட எனக்குப் பூசையில் நன்மை அப்பம் தருவாரா என்று கோயில் சுவாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்கவும் பயம். கிணற்றடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "விட்டிட்டுத்தான் போனவர்" என்று சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று ஒழுங்கையைப் பார்ப்பேன்.

மரணசாதனத்தை மூப்பரின் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். ஞாயிறு தோறும் பூசை முடிய, இருக்கிறதா என்று கேட்பேன். "ஓம் பிள்ளை, இருக்கு," என்பார்.

இன்று காலையும் சங்கிலி சத்தம் கேட்டது. என் வயிறு சுருண்டது. முன் அறையில் மெசின் நிற்கவில்லை.

"பெரியம்மா, ஆரெண்டு ஒருக்கா பாருங்கோ," என்றாள் அவள், தைத்தபடியே.